தேடலும் மாற்றலும்

ஒரு பிழையை ஓரிடத்தில் திருத்துதல் எளிது; அதனையே நூறிடத்தில் ஒன்றும் விடாது திருத்துதல் அரிது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய காலத்தில், கண்ணே தேடியது, கையே திருத்தியது. இன்று அவ்வுழைப்பிற் பெரும்பகுதியைக் கணினி ஏற்றுக்கொள்கின்றது. விசைப்பலகை ஒன்றாலேயே இயக்கத்தக்க 'விம்' என்னும் பதிப்புச் செயலி இதற்கு மிகவும் ஏற்றது. கென் தொம்சன் 1969இல் ஆக்கிய 'எட்', பில் ஜோய் 1976இல் எழுதத் தொடங்கிய 'விஐ' என்பவற்றின் வழியில், பிராம் மூலெனார் 1991இல் இதனை வெளியிட்டார்.

கட்டளையின் அமைப்பு வருமாறு: முக்காற்புள்ளி, விழுக்காட்டுக்குறி, 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்து, பின்னர் சாய்கோடு, தேடுஞ் சொல், சாய்கோடு, மாற்றுஞ் சொல், சாய்கோடு, ஈற்றில் 'ஜி'. விழுக்காட்டுக்குறி கோப்பு முழுவதையும் சுட்டும். 'எஸ்' மாற்றுக என்னும் ஏவல். 'ஜி' இல்லையேல் ஒவ்வொரு வரியிலும் முதற்கண் வருவது மட்டுமே மாறும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலருக்குப் பெயர்ப்பட்டியல் ஒழுங்கு செய்தேன். ரகரம் மொழிமுதல் வாராது என்னும் விதியை எண்ணி, 'ராச' என்பதை 'இராச' ஆக்குமாறு ஏவினேன். இமைப்பொழுதில் 'இராசரத்தினம்' 'இஇராசரத்தினம்' ஆயிற்று. 'யு' விசையை அழுத்திப் பழைய நிலையை மீட்டேன். தேடுஞ் சொல்லின் முன் பின்சாய்கோட்டையும் இடக்கோணக்குறியையும் இட்டால், சொல்லின் தொடக்கத்தில் வருவது மட்டுமே அகப்படும். அவ்வாறே மீண்டும் ஏவினேன். குற்றம் நீங்கிற்றென மகிழ்ந்தேன்.

மலர் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் 'ராசதுரை' என்றே கையொப்பமிட்டுவந்த முதியவர் ஒருவர் அதில் 'இராசதுரை' ஆகியிருந்தார். "ஐயா, என் பெயர் எங்கே?" என்று அவர் வினவியபோது, இலக்கணம் கற்ற எனக்கு விடை கூற நா எழவில்லை.

'ஜி'யை அடுத்துச் 'சி' என்னும் எழுத்தையும் இட்டிருப்பின் அப்பிழை நேர்ந்திராது. அது ஒவ்வோரிடத்திலும் நின்று, மாற்றலாமோ என வினவும். 'வை' உடன்பாடு, 'என்' மறுப்பு.

இன்னுமொன்று. கொழும்புத்துறை என்னும் நம் ஊர்ப்பெயரையே தேடுக. ஒருங்குறியில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னுள்ள கொம்பு, பின்னுள்ள கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, செயலிக்கு வெவ்வேறு. ஒன்றைத் தேடின் மற்றது அகப்படாதொழியும். ஆகவே இருவகையாலும் தேடுதல் வேண்டும்.

இம்மலரின் பெயர்ப்பட்டியலைத் திருத்த முன்வந்துள்ள மாணவர்காள்! விரைவு கருதிச் 'சி'யை விடாதீர். ஒவ்வொரு பெயரின் பின்னும் அதனைத் தேடி இம்மலரைப் புரட்டப்போகும் ஒருவர் உளர்.