வாரக் கூலியும் வீட்டுக் கணக்கும்

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் சனிக்கிழமையன்றே கூலி வழங்கப்படுகிறது. ஆலங்குளத்தைச் சூழ்ந்துள்ள கரிசல் கிராமங்களிலிருந்து வேலைக்குச் செல்வோர் பலருடைய வீடுகளில் ஒரு வாரத்து வரவு முழுவதும் அந்த ஒரு மாலையில் வந்து சேர்கிறது. மளிகைக் கடைப் பாக்கியும் தவணைக்காரரும் போக மிஞ்சுவது புதன்கிழமைக்குள் கரைந்துவிடுகிறது. இதனை ஊதாரித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. வரவு வாரத்திற்கு ஒரு முறை. வீட்டு வாடகையும் மகளிர் குழுத் தவணையும் மாதத்திற்கு ஒரு முறை. மின் கட்டணம் இரு மாதங்களுக்கு ஒரு முறை. பள்ளிச் செலவோ ஆண்டிற்கு ஒரு முறை, ஜூன் மாதத்தில். இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தாத காரணத்தால்தான் சிக்கனமான குடும்பமும் கடன்படுகிறது.

1970ஆம் ஆண்டில் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, மாதச் சம்பளம் பெறும் குடும்பங்களும் இங்கு உண்டாயின. ஆக, மாதச் சம்பளக்காரர், வாரக் கூலிக்காரர், அறுவடைக்குக் காத்திருக்கும் விவசாயி என மூவரும் ஒரே தெருவில் வாழ்ந்து வந்திருக்கின்றனர். மூவருக்கும் ஒரே வகையான கணக்கு உதவாது.

வாரக் கூலி பெறுவோர் முதலில் அறிய வேண்டுவது, தமது உண்மையான வார வருமானம் எவ்வளவு என்பதே. ஒரு குடும்பத்தில் இருவர் உழைத்து வாரம் ரூ. 4,000 கொண்டு வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில காலம் மூடப்படும். மழை நாட்களில் காய வைக்கும் வேலை நடவாது. விபத்துக்களைத் தொடர்ந்து ஆய்வுகள் நடக்கும்போதும் ஆலைகள் நிற்பதுண்டு. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்து அளித்த தீர்ப்புக்குப் பின் நேர்ந்த வேலையிழப்பை இவ்வட்டாரம் மறந்திராது. ஆண்டில் எட்டு வாரம் வேலையில்லை எனக் கொண்டால், 44 வாரங்களின் வரவு ரூ. 1,76,000. ஆனால் அடுப்பு எரிய வேண்டியதோ 52 வாரங்கள். வகுத்துப் பார்த்தால் வாரத்திற்கு ஏறத்தாழ ரூ. 3,380 தான் வருகிறது. கையில் வாங்கிய நாலாயிரத்தில் ரூ. 620 இனி வரப்போகும் வேலையற்ற வாரத்திற்கு உரியது, இன்று நமக்குரியதன்று. இத்தொகையை 44 வாரமும் எடுத்து வைத்தால் ரூ. 27,280 சேரும். எட்டு வாரங்களையும் கடனின்றிக் கழிக்க அது போதுமானது. வரவும் வேலை நாட்களும் வீட்டிற்கு வீடு மாறும். அவரவர் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்க.

அந்த எட்டு வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆலையில் முன்பணம் வாங்குவர்; அது அடுத்த ஆண்டுக் கூலியில் பிடிக்கப்படும். அல்லது தண்டல்காரரிடம் செல்வர். பத்தாயிரம் கடன் என்று எழுதி, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் வசூலிப்பது ஒரு முறை. “பத்துக்கு ஒன்றுதானே வட்டி” என்று பலர் எண்ணுகின்றனர். வாரந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்தப் பத்து வாரமும் சராசரியாக நம் கையில் இருப்பது ஐயாயிரத்திற்கும் சற்றுக் குறைந்த தொகையே. அதற்குப் பத்து வாரத்தில் ஆயிரம் ரூபாய் வட்டி என்றால், ஆண்டிற்கு நூற்றுக்கு நூறுக்கும் மேலாகிறது! அளவு கடந்த வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும், கடனுக்குப் போகாதிருக்கும் வழியைச் சட்டம் தராது.

இனி, பணத்தைப் பிரித்து வைக்கும் முறை. நம் வீட்டுப் பெண்கள் கடுகையும் மிளகையும் ஒன்றாகக் கொட்டி வைப்பதில்லை. அஞ்சறைப் பெட்டியில் அறை அறையாக வைக்கின்றனர். கூலிப் பணத்திற்கும் அதுவே போதும். பழைய பெட்டி ஒன்றோ, ஐந்து காகித உறைகளோ எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவே, கடைக்குப் போகுமுன், உணவு, மாதச் செலவு, ஆண்டுச் செலவு, வேலையற்ற வாரம், கைச்செலவு என ஐந்தாகப் பிரித்துவிட வேண்டும். மாதச் செலவிற்குரியதை நான்காக வகுத்து வாரம் ஒரு பங்கு வைக்க வேண்டும். மின் கட்டணத்தை எட்டாக வகுக்க வேண்டும்.

ஏன் நான்கு என்று கேட்கலாம். ஆண்டில் 52 சனிக்கிழமைகள் உள்ளன. மாதத்திற்கு நான்கு வீதம் 48 போக, நான்கு எஞ்சுகின்றன. எனவே ஆண்டில் நான்கு மாதங்களுக்கு ஐந்து சனிக்கிழமைகள் வரும். அந்த ஐந்தாவது சனிக்கிழமையன்று மாதச் செலவிற்காக எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. அப்பங்கை அப்படியே ஆண்டுச் செலவு அறைக்கு மாற்றினால், ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவின் ஒரு பகுதி அதிலேயே அடங்கும். நாள்காட்டியில் அந்த நான்கு நாட்களையும் இப்போதே வட்டமிட்டு வைக்கலாம்.

நாள்காட்டி என்றதும் ஒன்று நினைவிற்கு வருகிறது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டில் இல்லத்தரசிகளுக்கென வீட்டுக் கணக்கேடு ஒன்றை வெளியிட்டார். அவ்வழக்கம் அங்கு இன்றும் உள்ளது. நமக்கு அச்சிட்ட ஏடு கூடத் தேவையில்லை. சிவகாசியில் அச்சாகித் தமிழகமெங்கும் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி இருக்கவே இருக்கிறது. அன்றாடம் கிழிக்கும் தாளில் வெற்றிடம் உள்ள பக்கத்தில் அன்றைய செலவை எழுதிக் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். ஏழு தாள் சேர்ந்தால் ஒரு வாரக் கணக்கு. கூட்டும் வேலையைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் விடலாம். கைபேசி வழியாகச் செலுத்தும் தொகையையும் இதிலேயே எழுத வேண்டும்; நோட்டாகக் கையை விட்டுப் போகாத பணம் போனதாகவே தோன்றுவதில்லை.

விவசாயிகளுக்கு இக்கணக்கு தலைகீழாக வரும். மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமோ பருத்தியோ விற்ற பணம் மொத்தமாக வருகிறது. அதிலிருந்து முதலில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கழிக்க வேண்டும். தவணை நாளுக்குள் கட்டினால்தான் வட்டிச் சலுகை கிடைக்கும். அடுத்து, வரும் பருவத்திற்கான விதை, உரம், உழவுக் கூலி. எஞ்சியதை அடுத்த விற்பனை வரையுள்ள வாரங்களால் வகுத்து, அந்த அளவே வாரந்தோறும் வங்கியிலிருந்து எடுக்க வேண்டும்.

வேலையற்ற வாரத்துப் பணத்தை வீட்டில் வைக்கலாகாது. வாரந்தோறும் கூடும் மகளிர் குழுவிலோ, அஞ்சலகத்திலோ வைப்பது நலம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை ரூ. 500 செலுத்தித் தொடங்கலாம்; மாதம் ரூ. 100 முதல் ஐந்தாண்டுத் தொடர் வைப்பும் உண்டு.

மருந்தோடு புழங்கும் தொழில் உள்ள இவ்வட்டாரத்தில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். ஆண்டுக் கட்டணம் ரூ. 20. விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு ரூ. 2 லட்சம் கிடைக்கும். ஒப்புதல் அளித்தவரின் கணக்கிலிருந்து மே மாத இறுதியில் கட்டணம் தானாகவே பிடிக்கப்படும். ஜூன் 1 முதல் காப்பீடு நடப்பில் இருக்கும். அன்று கணக்கில் இருபது ரூபாய் இல்லாவிடில் அவ்வாண்டுப் பாதுகாப்பு அற்றுப்போகும். மே 1 அன்று கூடும் கிராம சபையில் ஊராட்சி உறுப்பினர்கள் இதனை அறிவித்து, மே 20க்குள் ஒவ்வொரு தெருவிலும் யார் யார் கணக்கில் பணம் உள்ளது, யார் இன்னும் சேரவில்லை என்று குழுத் தலைவியர் வழியாகக் கேட்டறிந்தால், இருப்பில்லாதோர் செலுத்தவும் சேராதோர் சேரவும் பத்து நாட்களுக்கு மேல் அவகாசம் இருக்கும்.