எந்த வலிப்புக்கு எந்த மாத்திரை?

விழாமலும் வரும்

வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளிக் கீழே விழுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. விழாமலே வருவதும் உண்டு. வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை பேனாவைப் பிடித்தபடியே பத்து விநாடி வெறித்துப் பார்க்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதும். இது அப்சென்ஸ் வலிப்பு. ஒரே நாளில் பலமுறை வரலாம். படிப்பில் கவனமில்லை என்று அந்தப் பிள்ளை அடியும் திட்டும் வாங்குவதுதான் கொடுமை.

மூளையின் ஒரு பகுதியில் மட்டும் மின்னோட்டம் தாறுமாறானால் பகுதி வலிப்பு. ஒரு கை மட்டும் துடிக்கலாம். இல்லாத வாடை அடிக்கலாம். நினைவு மங்கி, உதட்டைச் சப்பியபடி சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருக்கலாம். தூங்கி எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டம்ளர் நழுவுவது மயோக்ளோனிக் வகை.

மருந்து மாறினால்

பகுதி வலிப்புக்குக் கார்பமசெபைன் நல்ல மருந்து. அதையே அப்சென்ஸ், மயோக்ளோனிக் வகைகளுக்குக் கொடுத்தால் வலிப்பு கூடிவிடக்கூடும். அப்சென்ஸுக்கு எத்தோசக்சிமைடு அல்லது வால்ப்ரோயேட் தருவார்கள். லெவெடிராசெட்டம் பல வகைகளுக்கும் பயன்படும்; சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும்.

ஆகவே, பார்த்தவர் சொல்லும் விவரம்தான் மருத்துவருக்குப் பெரிய துணை. இ.இ.ஜி. என்னும் மூளை மின்னோட்டச் சோதனை சரியாக இருந்தாலும் வலிப்பு நோய் இருக்கலாம். முடிந்தால் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

வால்ப்ரோயேட் பற்றிப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தில் அதை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு முற்றிலும் கட்டுப்படும். இரண்டு ஆண்டுகளாவது வலிப்பில்லாமல் கழிந்த பிறகே, படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார்.

சாவி வேண்டாம்

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்புச் சாவியைக் கையில் கொடுத்ததும் நின்றதாகத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதுதான். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.