அச்சுக்கட்டையில் ஒரு பெயர்

உடையார்கட்டுச் சித்திர வகுப்பில் ஓர் அக்கா மகளின் பெயரைக் கட்டையில் செதுக்கினார். துணியில் எழுத்துகள் திரும்பி விழுந்தன. "எனக்கு இது சரிவராது" என்று எழும்பினார். எழுத்தை இடம்வலம் மாற்றிக் கீறவேண்டும் என்று விளக்கினேன். செதுக்கி எடுத்த இடம் வெறுமையாக இருக்கும். விட்ட மேடுதான் மை பிடிக்கும்.

பிறகு இந்தியாவின் கச்சுப் பகுதிக் கதையைச் சொன்னேன். 2001 ஜனவரி 26இல் பூகம்பம் தமட்கா கிராமத்தைச் சிதைத்தது. 'அஜ்ரக்' அச்சுத்துணி செய்தவர்களுக்கு வீட்டோடு சாயத்துக்கு உகந்த நீரும் போனது. பலர் வேறிடத்தில் 'அஜ்ரக்பூர்' என்ற புதிய ஊரை அமைத்து அதே தொழிலைத் தொடர்ந்தனர்.

அக்கா மீண்டும் உளியை எடுத்தார். இம்முறை பெயர் நேராகவே விழுந்தது.

சகோதரிகளே, பழகுவதற்குப் பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கே போதும். ஊர் மாறினாலும் கைப்பழக்கம் நம்மோடு வரும்.