'தோட்டா ஏறல': அவசரகாலத் துப்பாக்கியும் ஒரு தோட்டக் காவலரின் தலைக்குனிவும்

ரிங்லெட் பக்கம் ஒரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. அரைக்கால் சட்டை, பூட்ஸ், தோளில் நீளத் துப்பாக்கியோடு ஓர் இளைஞர் நிற்கிறார். "எங்கப்பா, தம்பி. எஸ்.சி.யா இருந்தாரு" என்றார் வீட்டுக்காரர். அவருக்கே எழுபதைத் தாண்டிவிட்டது.

"புதுசா பெட்டி பிரிச்சுக் குடுத்த துப்பாக்கி. ஒருநாள் ராத்திரி நாயெல்லாம் குரைச்சிருக்கு. எல்லாரும் ஓடிப்போய் வேலியோரம் நின்னுருக்காங்க. அப்பா துப்பாக்கியில மட்டும் தோட்டா ஏறல. நல்லவேளை, ஒண்ணும் நடக்கல. மறுநாள் துரை வந்து துப்பாக்கியை வாங்கி, வெறுமனே இழுத்து மூடிப் பார்த்தாராம். நல்லா மூடுச்சாம். 'துப்பாக்கி சரியா இருக்கு, உனக்குத்தான் பயத்துல கை நடுங்கிருக்கு'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. சாகிற வரைக்கும் அப்பா அதை மறக்கல."

வெறுமனே மூடிப் பார்த்த அந்தச் சோதனை போதுமானதுதானா? அதைத் தெரிந்துகொள்ள முதலில் அந்தத் துப்பாக்கியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், அதாவது எஸ்.சி.கள், ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தனர். நேற்றுவரை வேறு வேலை பார்த்தவர் கையில் குறுகிய பயிற்சியோடு ஒரு ரைபிள் வந்து சேர்ந்தது.

அது பெரும்பாலும் லீ-என்ஃபீல்டு. நம் பெரியவர்கள் வாயில் 'த்ரீ நாட் த்ரீ'. இங்கிலாந்தில் மட்டுமல்ல, கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரிலும் செய்யப்பட்டது. அடியில் பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின். மேலே கதவுத் தாழ்ப்பாள் போல ஒரு போல்ட். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் பழைய கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா குழலின் அடியில் உள்ள அறைக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும்.

தோட்டா ஏறவில்லை என்றால், படைக்கல நிபுணர் முதலில் கேட்பது 'போல்ட் எங்கே நின்றது?' என்பதைத்தான். பதில் மூன்று விதமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

போல்ட் தடையில்லாமல் முன்னால் போய் மூடிக்கொண்டது, ஆனால் உள்ளே தோட்டா இல்லை என்றால், போல்ட் தோட்டாவைத் தொடவே இல்லை என்று பொருள். மேகசின் 'கிளிக்' என்று உட்காராமல் சற்றே இறங்கியிருக்கலாம். பழைய மார்க் 3 வகையில் மேகசினை மூடும் ஒரு தகடு உண்டு. அது உள்ளே தள்ளியிருந்தால் தோட்டா மேலே வராது. இன்னொரு காரணம், போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் பாதியிலேயே முன்னால் தள்ளிவிடுவது. பதற்றத்தில் நடப்பது இதுதான். துரை நினைத்தது போலக் கை நடுங்கியிருந்தால் தவறு பெரும்பாலும் இந்த வகையில்தான் வந்திருக்கும்.

இரண்டாவது, போல்ட் பாதி வழியில் சிக்கிக்கொள்வது. த்ரீ நாட் த்ரீயின் பேர்போன சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இந்தத் தோட்டா 1888இல் வந்தது. அடியில் விளிம்பு வைத்த பழைய அமைப்பு. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். தவறிப் பின்னால் இருந்துவிட்டால், மேல் தோட்டாவைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்பில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். இரண்டும் நகராது. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் இறுகுமே தவிர விடாது. மேகசினைக் கழற்றி, எல்லாத் தோட்டாவையும் எடுத்து, வரிசையாக மறுபடி அடுக்குவதுதான் வழி. ஐந்தைந்தாகக் கிளிப்பில் சரியாகக் கோத்து வருவதை இறக்கினால் இந்தத் தொல்லை குறைவு. சட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதுவும் இருட்டில் போடும்போதுதான் விளிம்பு மாறும்.

மூன்றாவது, போல்ட் கடைசிவரை போகிறது, கைப்பிடி மட்டும் கீழே மடங்க மறுக்கிறது. இதில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் லீ-என்ஃபீல்டில் ஒரு மயக்கம் உண்டு. சுடும் ஊசியின் ஸ்பிரிங், போல்ட்டை முன்னால் தள்ளும் கடைசி அங்குலத்தில்தான் இறுகும். அந்த இடத்தில் கை கனக்கும். பழகாதவருக்குத் தோட்டா அடைத்துக்கொண்டது போலத் தோன்றும். ஒரே மூச்சில் அழுத்தித் தள்ளினால் போய்விடும்.

அப்படித் தள்ளியும் மடங்கவில்லை என்றால் தோட்டா உட்கார இடம் போதவில்லை. பெட்டியில் அடைத்து வைத்த துப்பாக்கிகள் துருப்பிடிக்காமல் இருக்கக் கெட்டியான மசகு பூசியிருப்பார்கள். குழலைத் துடைத்தவர் அறையின் மூலையைத் துடைக்காமல் விட்டிருந்தால், மலைக் குளிரில் அது மெழுகாக இறுகிவிடும். தோட்டாவும் காரணமாகலாம். பனியும் மழையும் ஓயாத கேமரன் மலையில் பித்தளைக் கூட்டில் களிம்பு ஏறும். பையில் கிடந்து நசுங்கியதும் உள்ளே இறங்காது.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாதது. லீ-என்ஃபீல்டின் போல்ட்டை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே உருவிவிடலாம். ஆனால் ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. போல்ட்டின் தலை தனித் துண்டு. நம்பர் 4 வகையில் அது 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் வந்தது. எண் கூடக் கூட நீளம் மயிரிழை கூடும். எந்தத் துப்பாக்கிக்கு எது என்று அளந்து பார்த்துப் பொருத்துவார்கள். அதனால்தான் துப்பாக்கியின் உடலிலும் போல்ட் கைப்பிடியிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள். போல்ட் மாறி, தலை நீளமாகிவிட்டால் தோட்டாவின் அடிக்கு இடம் இருக்காது, கைப்பிடி மடங்காது. தலை குட்டையாகிவிட்டால் எளிதாக மூடும், ஆனால் அதுதான் அதிக ஆபத்து. சுடும்போது கூடு கிழிந்து நெருப்புக் காற்று முகத்துக்கே திரும்பலாம்.

சோதிப்பதற்கும் முறை உண்டு. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு மூடிப் பார்க்க வேண்டும். உயிர்த் தோட்டாவைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. அதே சமயம் தோட்டாவே இல்லாமல் மூடிப் பார்ப்பதால் பயனும் இல்லை. அறையில் மசகு இருந்தாலும், போல்ட் மாறியிருந்தாலும், காலித் துப்பாக்கி வழுக்கிக்கொண்டு மூடும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மண்ணைக் கொத்தும்போதோ பழைய ஸ்டோரைக் காலி செய்யும்போதோ அந்தக் காலத் தோட்டா கிடைத்தால், நினைவுப்பொருள் என்று வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தொடாமல் போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலே ஏழாண்டு வரை சிறை. துப்பாக்கியே இருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. காட்டுப்பன்றிக்கு உரிமத்தோடு செனாப்பாங் பாத்தா வைத்திருப்பவர்களும் பழுதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும்.

இதையெல்லாம் விசாரித்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் மறுபடி போனேன். "ஐயா, போல்ட் எங்க நின்னுச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. வலது கையை முன்னால் நீட்டி, கைப்பிடியைக் கீழே அமுக்குவது போல இரண்டு முறை செய்து காட்டினார். "முன்னால போயிருச்சு தம்பி. மடங்கலன்னு இப்படித்தான் காட்டுவாரு."

போல்ட் மாறும் கதையைச் சொன்னேன். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாயந்தரம் நாலு துப்பாக்கியையும் ஒரே சாக்குல பிரிச்சுப் போட்டுத் துடைச்சாங்களாம்" என்றார்.