சத்தம் குறைய முதலில் வெப்பம் குறைய வேண்டும்: வீட்டு கேமிங் கணினிக்குப் பாகம் தேர்வது

கணினி போடும் சத்தத்தில் பெரும்பங்கு விசிறிகளுடையது. விசிறிக்கு வேலை கொடுப்பது வெப்பம். ஆகவே வீட்டில் விளையாடுவதற்காகப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கணினி கட்டுகிறவர், சத்தம் போடாத விசிறியைத் தேடி அலைவதற்கு முன் எந்தப் பாகம் எத்தனை வாட் வெப்பத்தைக் கக்கும் என்று பார்ப்பதே சரியான வரிசை. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் இந்த வரிசை இன்னும் முக்கியம். குளிர்விக்கும் கருவிகளுக்குச் செலவழிப்பதைவிட, வெப்பமே குறைவாக வரும் பாகத்தை வாங்குவது மலிவு.

கொல்கத்தாவில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. குளிர்நாடுகளில் எழுதப்படும் கணினி மதிப்புரைகள் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டிய அறை வெப்பத்தில் செய்த சோதனைகள். கொல்கத்தாவில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் பல நாட்கள் 35 டிகிரியைத் தாண்டும். சில நாட்களில் 40-ஐயும் தொடும். விசிறியின் வேகம் மாறாதவரை, அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி சிப்பும் ஏறும். 23 டிகிரி அறையில் 70 டிகிரியில் நிற்கும் சிப், 36 டிகிரி அறையில் 83-க்குப் போய்விடும். அதைத் தணிக்க விசிறி வேகமெடுக்கும். “அமைதியானது” என்று மதிப்புரையில் பாராட்டு வாங்கிய அதே கூலர், ஏசி இல்லாத ஒரு பாலிகஞ்ச் அறையில் இரைச்சலிடுவது இதனால்தான்.

விசிறியின் இயற்பியலில் வாங்குபவருக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும்; ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோலத் தோன்றும். ஒரே மாதிரி இரண்டு விசிறிகள் சேரும்போது கூடுவதோ வெறும் 3 டெசிபல். ஆக, ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால், ஏறக்குறைய அதே காற்று 12 டெசிபல் குறைந்த சத்தத்தில் கிடைக்கும். 120 மி.மீ. விசிறியைவிட 140 மி.மீ. விசிறி விரும்பப்படுவதும் இதே காரணத்தால்: அகலமான இறக்கை மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும்.

இனி பாகங்கள். கேமிங் கணினியில் மிக அதிக வெப்பம் தருவது கிராஃபிக்ஸ் கார்டு. தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டின் மின் வரம்பு 200 வாட். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 பெரும்பாலான விளையாட்டுகளில் ஏறத்தாழ அதே வேகத்தை 115 வாட்டில் தருகிறது. இந்த 85 வாட் வித்தியாசம்தான் அமைதி. அடுத்து 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-இன் வரம்பு 145 வாட். வேகமும் அதற்கேற்பக் கூடுதல். 1080பி திரைக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். இரட்டை விசிறியும் தடிமனான ஹீட்சிங்கும் உள்ள மாடலாகப் பார்க்க வேண்டும். சுமை இல்லாதபோது விசிறியை அடியோடு நிறுத்திவிடும் வசதியும் பல மாடல்களில் உண்டு.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆசை வருவது இயல்பு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் ‘மைனிங்’ முறை முடிவுக்கு வந்ததும் அதற்குப் பயன்படுத்தப்பட்ட கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்து குவிந்தன. இரவு பகலாக ஓடிய கார்டில் முதலில் தேய்வது விசிறியின் பேரிங். அமைதியை எதிர்பார்ப்பவர் அதை ஓட வைத்து, காதால் கேட்காமல் வாங்கக் கூடாது.

ப்ராசஸரில் 65 வாட் வகையே போதும். ஆறு கோர் உள்ள ரைசன் 5 7600 அப்படிப்பட்டது. முழுச் சுமையிலும் 88 வாட்டுக்கு மேல் எடுக்காது. இன்டெல்லின் கோர் ஐ5-12400எஃப்-உம் 65 வாட் என்றே விற்கப்படுகிறது, ஆனால் டர்போவில் 117 வாட் வரை போகும். பெட்டியோடு இலவசமாக வரும் சிறு கூலர்தான் பல கணினிகளில் இரைச்சலுக்குக் காரணம். நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மி.மீ. விசிறியும் உள்ள டவர் கூலர் ஒன்றைத் தனியாக வாங்குவது, இந்தப் பட்டியலில் செலவழிக்கும் பணத்துக்கு மிக அதிகப் பலன் தரும் முடிவு. இந்த அளவு வெப்பத்துக்கு வாட்டர் கூலிங் தேவையே இல்லை. அதன் பம்ப்பும் ஒரு சத்தக் காரணி.

பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் தவறான இடத்தில் வந்துவிடுகிறது. கேபினெட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே ஏற்பது வழக்கம். மேற்சொன்ன பாகங்கள் எல்லாம் சேர்ந்து 250 வாட் கேட்கின்றன என்று கொள்வோம். 80 விழுக்காடு திறனுள்ள எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 312 வாட் இழுத்து, 62 வாட்டைத் தனக்குள்ளேயே வெப்பமாக்கும். 90 விழுக்காடு திறனுள்ளதில் அந்த இழப்பு 28 வாட். 80 ப்ளஸ் என்ற சான்றிதழில் ‘கோல்டு’ என்று குறிக்கப்பட்டவை பாதிச் சுமையில் இந்த 90-ஐ எட்டுபவை. 550 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் இந்தக் கணினியில் பாதிச் சுமையில்தான் ஓடும். அதன் விசிறி மெதுவாகவே சுழலும்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும். பஞ்சு ஒட்டி மூடிய ‘சைலன்ட்’ கேபினெட்டுகள் குளிர்நாட்டுக்கு நல்லவை. வெயில் ஊரில் உள்ளே வெப்பம் தேங்கி, விசிறியை விரட்டும். 200 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று அள்ளிச் சென்றால், அந்தக் காற்று சுமார் 10 டிகிரி சூடாகி வெளியேறும். முன்னால் இரண்டு 140 மி.மீ., பின்னால் ஒரு 120 மி.மீ. விசிறி இந்தக் காற்றைச் சத்தமின்றித் தரும். உள்ளே தள்ளும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், தூசி இடுக்குகள் வழியே புகாமல் வடிகட்டியிலேயே தங்கும். கொல்கத்தாவின் வறண்ட குளிர்காலத்தில் அந்த வடிகட்டியைக் கழற்றி அடிக்கடி கழுவ வேண்டும். ஹீட்சிங்கில் தூசி படிந்த கணினி எவ்வளவு நல்ல பாகங்களால் ஆனதாயினும் இரையும்.

மற்றவற்றில் யோசிக்க அதிகம் இல்லை. ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி போதும். சுழலும் தட்டு இல்லாததால் அதற்குச் சத்தமே கிடையாது. 16 ஜிபி ரேம் போதும். கொல்கத்தாவின் சாந்தினி சவுக் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் விலை கேட்கும்போது அது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்த விலையா என்று தெளிவாக்கிக்கொண்டு, சீரியல் எண் அச்சிட்ட பில்லோடு வாங்க வேண்டும். வாரண்டிக்கு அந்த பில்தான் ஆதாரம்.

கட்டி முடித்த பிறகு, செலவில்லாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. சிப் எடுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே கார்டின் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தாலும் வெப்பம் கண்கூடாக இறங்கும். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் வரைவது வீண் வெப்பம். அந்த வரம்பை விளையாட்டிலேயே வைத்துவிடலாம். பயாஸில் விசிறியின் வேகம் சட்சட்டென்று ஏறி இறங்காமல் சில நொடி தாமதித்து மாறும்படி அமைக்க வேண்டும். சீரான மெல்லிய ஒலியைக் காது விரைவில் மறந்துவிடும், ஏறி இறங்கும் ஒலியை மறக்காது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்துள்ளன. கணினி இருக்கும் அறையிலேயே வீட்டார் தூங்கும் சிறிய ஃபிளாட்டுகளில் அந்த அளவும் அதிகம். மேலே சொன்னபடி தேர்ந்தெடுத்த பாகங்கள் அதைவிட வெகு கீழே, அறையின் மின்விசிறி ஒலிக்குள் அடங்கி ஓடும்.