ஊருக்கே சொந்தமான காற்றாலை



கூட்டுறவுச் சங்கம் ஆரணிப் பட்டு நெசவாளர்களுக்குப் பழகிய ஏற்பாடு. அதேபோல மின் உற்பத்தியையும் ஊருக்குப் பொதுவாக நடத்த முடியுமா? முடியும் என்று காட்டியது மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி. 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் போன்ற ஊர்த் தேவைக்குப் போக, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அந்த வருமானத்திலேயே கடனையும் அடைத்தது.

ஓடந்துறைக்குக் காற்று என்றால் நமக்குச் சூரியன்; ஆரணியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சங்கக் கட்டடத்தின் மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் பதித்தால், தறிக்கு மேலே எரியும் விளக்குக்கும் நூல் சுற்றும் மோட்டாருக்கும் நம் மின்சாரமே ஓடும். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுங்கள்!