தேவாங்கின் கணக்கும் அந்துப்பூச்சியின் கணக்கும்

வங்கியில் வட்டி போட்டே பழகிய கை. தோட்டத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகல. இந்த முறை இரண்டு ராத்திரிப் பிராணிகளுக்குக் கணக்கு எழுதிப் பார்த்தேன். ஒன்று, குரங்குக்கு ஒன்றுவிட்ட உறவான தேவாங்கு. இன்னொன்று, மக்காச்சோளப் படைப்புழுவின் அந்துப்பூச்சி.

தேவாங்கு சுமார் கால் கிலோதான் இருக்கும். வால் கிடையாது. ஐந்தரை மாதம் சுமந்து ஒரு குட்டி போடும், மிஞ்சினால் இரண்டு. அதைப் பல மாதம் பாலூட்டி வளர்க்கணும்.

படைப்புழு 2018இல் கர்நாடகத்தில் தலைகாட்டி, அதே வருஷம் நம்ம காட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு தாய் அந்து 1,500 முட்டை வைக்கும். வெயில் நாளில் ஒரே மாதத்தில் முட்டை அந்தாகிவிடும். நூற்றுக்கு 99 அழிந்தாலும் 15 தேறும். அதில் ஏழு பெண் என்றால் அடுத்த மாதம் 105. இதுதான் கூட்டுவட்டி!

இப்போது விஷம் அடிக்கிறோம். இரண்டு கணக்கிலும் ஒரே நாளில் பணம் எடுத்தாச்சு. அந்து ஒன்றிரண்டு மாதத்தில் பழைய இருப்புக்கு வந்துவிடும். பூச்சியை நம்பியே வாழும் தேவாங்கு பட்டினி கிடந்து, குட்டியை இழந்தால், திரும்ப வர வருஷங்கள் ஆகும். முட்டைக்குள்ளேயே படைப்புழுவை முடிக்கும் டிரைக்கோகிரம்மா, டெலினோமஸ் குளவிகளும் அந்த விஷத்தில்தான் சாகின்றன. வேப்பங்கொட்டைக் கரைசல், ஊடுபயிராகத் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி என்று போகிறவர்களுக்கு இந்த நஷ்டம் குறைவு.

தேவாங்கு வந்து படைப்புழுவை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது வேலி மரத்திலேயே எறும்பு, வண்டு, கரையான் என்று பொறுக்கித் தின்கிற ஜீவன். அதைப் பார்த்தால் ஆகாது என்று கல்லெறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் தேவாங்குக்கு எல்லைக்கல் தெரியுமா? நம்ம கிளுவை வேலிக்கும் வரும்.

வேலியைக் கழிக்கும்போது மட்டும் ஒன்று செய்யுங்கள். ஒரேயடியாக மொட்டையடிக்காமல், கிளைக்குக் கிளை தொடுகிற மாதிரி அங்கங்கே விட்டு வையுங்கள். தேவாங்கு குரங்கு மாதிரி தாவாது, பிடித்துப் பிடித்துத்தான் நடக்கும். கிளை அறுந்த இடத்தில் தரைக்கு இறங்கணும். அங்கே நாயும் வண்டியும்.